மாயாவி முதலில் எந்தத் தாளில் இருந்தார்?



உங்களில் எத்தனை பேர் படக்கதைப் புத்தகம் சேர்த்து வைக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்! (36 வருடம் வகுப்பறையில் நின்ற பழக்கம், போகமாட்டேன் என்கிறது.)

எனக்குச் சொந்த ஊர் வருசநாடு. மலை அடிவாரம், இலவ மரங்கள், பக்கத்திலேயே மூல வைகை. நான் சிறுமியாக இருந்தபோது, தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று வரும் பஸ்ஸில்தான் எங்களுக்குப் பத்திரிகை வந்து சேரும். அப்பா பஞ்சு மூட்டையோடு தேனிக்குப் போகும் நாளில், அண்ணன் பின்னாலேயே ஓடுவான். "அப்பா, முத்து காமிக்ஸ் வந்திருந்தா வாங்கிட்டு வாங்கப்பா!"

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் என்பவர் 1972இல் தொடங்கியது முத்து காமிக்ஸ். அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி! உங்கள் தாத்தாவிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். விபத்தில் வலது கையை இழந்தவர், அதற்குப் பதிலாக இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு நான் வெளித் திண்ணையில் படுக்க மறுத்த நாள்கள் உண்டு.

ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன்: "இதையெல்லாம் யாருண்ணே வரையுறாங்க?"

"போடி! இதெல்லாம் சிவகாசியில மிஷின் அடிக்குது" என்றான் அவன். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மிஷின் எங்கேயாவது வரையுமா? (இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வரைகிறதே டீச்சர் என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நான் சொல்வது அந்தக் காலம்!) மாயாவியின் கதை முதலில் வந்தது லண்டனில், 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில், 1962ஆம் ஆண்டு. அதற்குப் படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா நகரில் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஓவியர். அவர் கையால் வரைந்த ஒரு தாள் இருந்தது. அதிலிருந்து லண்டனில் பத்திரிகை அச்சாயிற்று. பிறகு சிவகாசியில் தமிழ் வசனத்தோடு அச்சாகி, தேனிக்கு வந்து, எங்கள் அப்பாவின் துணிப்பையில் ஏறி வருசநாட்டுக்கு வந்து சேர்ந்தது. பல ஆயிரம் வீடுகளில் புத்தகம் இருந்திருக்கும். ஆனால் பிளாஸ்கோவின் பேனா பட்ட தாள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

வைகை ஆற்று நீர் எத்தனையோ ஊருக்குப் போகிறது. அது தொடங்கும் பகுதியை நாங்கள் 'மூல வைகை' என்போம். அதுபோல, ஓவியர் கையால் வரைந்த அந்த முதல் தாளை 'மூல ஓவியம்' என்று வைத்துக்கொள்வோம். தபால்தலை சேர்ப்பவர்கள், நாணயம் சேர்ப்பவர்கள் இருப்பதுபோல, படக்கதைகளின் மூல ஓவியங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அச்சடித்த புத்தகம் அல்ல, அதற்கு முந்தைய அந்தத் தாள்!

தப்பு தெரியும் தாள்

நான் முதன்முதலில் மூல ஓவியம் ஒன்றைப் பார்த்தது மதுரையில். என் தோழியின் கணவர் பத்திரிகைகளுக்குப் படம் போடுபவர். ஒரு படக்கதைப் பக்கத்தை மேசைமேல் விரித்துக் காட்டினார்.

முதல் ஆச்சரியம், அதன் அளவு. புத்தகத்தில் வருவதைவிடப் பெரிதாக இருந்தது. "பெரிசா வரைஞ்சு சின்னதாக்கினால் கோடெல்லாம் நறுக்குன்னு தெரியும் டீச்சர். சின்னச் சின்னப் பிசிறும் மறைஞ்சிடும்" என்றார். அடியில் லேசான பென்சில் கோடுகள். மேலே தொட்டெழுதும் பேனாவாலும் தூரிகையாலும் போட்ட கறுப்பு மை. பெரிய கறுப்பு இடங்களில் தூரிகை போன திசைகூடத் தெரிந்தது. ஒரு குதிரையின் காலை முதலில் தப்பாகப் போட்டுவிட்டு, வெள்ளை வண்ணத்தால் அழித்து, மறுபடி வரைந்திருக்கிறார். அந்த வெள்ளை, தாளில் மேடாக நிற்கிறது. வசனங்கள் தனித்தாளில் எழுதி வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. ஓரத்தில் வெளிர்நீலப் பென்சிலில் ஏதோ குறிப்பு. ஏன் நீலம்? அந்தக் காலத்தில் அச்சுக்காகப் பக்கத்தைப் பெரிய காமிராவில் படம் பிடிப்பார்கள். அந்த ஃபிலிமில் வெளிர்நீலம் பதியாது. எனவே அழிக்காமலே விட்டுவிடலாம். நல்ல தந்திரம் இல்லையா?

புத்தகத்தில் பார்த்தால் குதிரை ஜம்மென்று ஓடும். மூல ஓவியத்தில்தான் அது ஒருமுறை கால் இடறியது தெரியும்!

ஸ்பைடர்மேன் உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் முதன்முதலில் தோன்றிய கதை 1962இல் வந்தது. வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அந்த இதழின் 24 மூலப் பக்கங்களையும் வைத்திருந்த ஒருவர், 2008இல் தன் பெயரைச் சொல்லாமலே அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். கோடிக்கணக்கில் விலை போயிருக்கும்! அந்தப் பக்கங்களில் ஆசிரியர் ஸ்டான் லீ, ஓவியருக்குப் பென்சிலில் எழுதிய குறிப்பு இன்னும் இருக்கிறது. காரில் போகிறவர்கள் கையை வெளியே தொங்கவிடக் கூடாது, மூடிய காராக வரையுங்கள், கண்மூடித்தனமாக ஓட்டுவதுபோலக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். பிள்ளைகள் படிக்கும் புத்தகமாயிற்றே! அச்சடித்த புத்தகத்தில் இது எப்படித் தெரியும்?

தரை துடைத்த ஓவியங்கள்

இப்போது வருத்தமான செய்திக்கு வருகிறேன். அச்சாகி முடிந்ததும் இந்தத் தாள்களை என்ன செய்தார்கள்? வாழைப்பழம் தின்றவன் தோலை என்ன செய்வான், அதைத்தான் செய்தார்கள்.

'பீட்டில் பெய்லி' என்ற படக்கதையை வரைந்தவர் மார்ட் வாக்கர். ஒரு நிறுவனத்தில் தண்ணீர் ஒழுகிய இடத்தில், 'கிரேஸி கேட்' என்ற புகழ்பெற்ற படக்கதையின் மூல ஓவியங்களைப் போட்டு வைத்திருந்தார்களாம்! அந்தக் கொடுமை மனத்தில் தைக்க, 1974இல் அமெரிக்காவில் கார்ட்டூன்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். அந்தச் சேகரிப்பு 2008 முதல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. தாள் யாருக்குச் சொந்தம்? வரைந்தவருக்கா, பணம் கொடுத்து அச்சடித்தவருக்கா? ஹல்க், எக்ஸ்-மென் போன்றவர்களை முதலில் வரைந்த ஜாக் கிர்பி, தான் வரைந்த பக்கங்களைத் திருப்பிக் கேட்டுப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1987இல் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 2,000 பக்கங்கள். வரைந்ததோ அதைப்போலப் பல மடங்கு!

தப்பிப் பிழைத்த ஓவியம் ஒன்றின் கதையையும் கேளுங்கள். டின்டின் கதைகளை உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டு ஹெர்ஜே. 1936இல் 'நீலத் தாமரை' என்ற புத்தகத்துக்கு ஓர் அட்டைப்படம் வரைந்தார். அதை அத்தனை வண்ணங்களோடும் அச்சடித்தால் செலவு கூடும் என்று பதிப்பாளர் மறுத்துவிட்டார். ஹெர்ஜே அந்தப் படத்தைப் பதிப்பாளரின் ஏழு வயது மகனுக்குக் கொடுத்தாராம். பையன் அதை மடி மடியென்று மடித்து ஒரு மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டான். இது அந்தக் குடும்பத்தார் சொன்ன கதை. எப்படியோ, படம் பிழைத்தது. 2021 ஜனவரியில் பாரீஸ் நகரில் ஏலத்துக்கு வந்தபோதும் மடிப்புத் தடம் அப்படியே இருந்தது. விலை? ஏறத்தாழ 32 லட்சம் யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 28 கோடி ரூபாய்! சின்னப் பையன் மடித்ததற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எறியாமல் இருந்தானே!

நம் பக்கம் என்ன கதை?

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 'கன்னித்தீவு' தெரியுமா? 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய படக்கதை. சிந்துபாத், லைலா என்று உங்கள் பாட்டியே கதை சொல்வார். ஒரு கணக்குப் போடுங்கள். நாளைக்கு ஒரு துண்டு என்றால் 50 ஆண்டுகளுக்கு எத்தனை? 18,000ஐத் தாண்டும். அத்தனையும் யாரோ ஒருவர் விரல் நோக உட்கார்ந்து வரைந்தவை.

அடுத்து, அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய பத்திரிகை. உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்தபடி விக்கிரமாதித்தன் நடந்து வரும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வேதாளம் கதை என்றாலே கண்முன் நிற்கும் படம் அது. வரைந்தவர் ஓவியர் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். எங்கோ வெளிநாட்டுக்காரர் அல்ல, தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவு கிராமத்தில் 1924இல் பிறந்தவர். 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்து, ஏறத்தாழ 60 ஆண்டுகள் அதற்கே வரைந்தார். 2020 செப்டம்பரில் காலமானார். மறு ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

வாண்டுமாமா கதை எழுத, செல்லம் படம் வரைந்த படக்கதைகளும் இப்படித்தான். படித்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. முத்து காமிக்ஸுக்குப் பிறகு 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸுக்கு இன்றும் ரசிகர்கள் கூட்டம் உண்டு. ஈரோடு புத்தகத் திருவிழாவில் அவர்கள் ஒன்றுகூடிப் பேசுவார்கள். பழைய இதழ்களுக்கு அங்கே நல்ல மதிப்பு. ஆனால் மூல ஓவியம் சேர்ப்பவர்கள் நம் பக்கம் குறைவுதான்.

மூலத் தாள் தொலைந்தால் என்ன கெட்டுவிட்டது, புத்தகம்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். பழைய கதையை மறுபடி அச்சடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூல ஓவியமும் இல்லை, ஃபிலிமும் இல்லை என்றால், மங்கிப்போன பழைய புத்தகத்தைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். மெல்லிய கோடுகள் தடித்து ஈஷிக்கொள்ளும். மாயாவியின் மூக்கும் நிழலும் ஒன்றாகிவிடும். நகலிலிருந்து எடுத்த நகல்தானே!

நம் ஊரில் பழைய காகிதத்தைக் காப்பாற்றியவர் ஒருவர் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே உள்ள ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம் அதுதான். அவர் சேர்த்தவை அச்சடித்தவை, மூல ஓவியங்கள் அல்ல. இருந்தாலும் குப்பை என்று மற்றவர்கள் ஒதுக்கியதைக் குனிந்து எடுத்தாரே, அதற்காகச் சொல்கிறேன்.

நான் எடைக்குப் போட்டது

இனி சொல்லப்போவது எனக்கே வெட்கமான விஷயம்.

1991 என்று நினைவு. மலைக்கிராமம் ஒன்றிலிருந்து நடந்து பள்ளிக்கு வரும் பையன், ஐந்தாம் வகுப்பு. கணக்கில் சுமார். ஆனால் கையில் பேனா கிடைத்தால் போதும்! ஒரு கோடு போடாத நோட்டில் 30 பக்கத்துக்கு மேல் படக்கதை வரைந்து கொண்டுவந்தான். மேகமலைக் காட்டில் யானைக் கூட்டத்தைக் காப்பாற்றும் ஒரு மாயாவி. இவனுடைய மாயாவிக்கு இரும்புக்கை கிடையாது. இலவம்பஞ்சு பறிக்கும் நீளமான தொரட்டிதான் ஆயுதம்! நீலப் பால்பாயின்ட் பேனாவும் அடுப்புக்கரியும் கொண்டு வரைந்திருந்தான். யானைகள் கரியால் தேய்த்தவை. தொட்டால் விரலில் ஒட்டும்.

"டீச்சர், படிச்சிட்டுக் குடுங்க டீச்சர்" என்றான். படித்தேன். சிரித்தேன், பாராட்டினேன். பீரோவில் வைத்தேன். பரீட்சை வந்தது, லீவு வந்தது. அவன் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்துப் பழைய விடைத்தாள்களை எல்லாம் எடைக்குப் போட்டபோது, பார்க்காமல் அதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். எந்தக் கடையில் எந்தப் பொட்டலம் ஆயிற்றோ!

பல வருடம் கழித்துத் தேனி பஸ் நிலையத்தில் ஒருவர் ஓடி வந்து வணக்கம் சொன்னார். அவனேதான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறாராம். கூடவே சின்ன மகள். நலம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், அந்த யானை நோட்டு உங்ககிட்ட இருக்கா? பாப்பாகிட்ட அந்தக் கதைய நிறையச் சொல்லியிருக்கேன்."

இல்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

"பரவாயில்ல டீச்சர்" என்றார். பிறகு அவரே, "மறுபடி வரைஞ்சு பார்த்தேன் டீச்சர். யானை இப்ப நல்லாவே வருது. ஆனா அந்த யானை வரல" என்றார். நான் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். என் பஸ் அது இல்லை.

சேர்க்கலாமா?

தாராளமாக! 28 கோடியெல்லாம் வேண்டாம். உங்கள் பக்கத்தில் பத்திரிகைக்குப் படம் வரைபவர் யாராவது இருந்தால், பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். மூல ஓவியத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பாரில்லாமல் கட்டி வைத்திருப்பவர்கள் மகிழ்ந்துபோவார்கள். வாங்கினால் உரிய விலை கொடுத்து வாங்குங்கள். "சும்மா ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவருடைய பிழைப்பு.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தாளை வாங்கினால் தாள்தான் நமக்குச் சொந்தம். அந்தப் படத்தை அச்சடித்து விற்கும் உரிமை தானாக வந்துவிடாது. இன்னொன்று, நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அழகான ஒரு பிரிவு இருக்கிறது. மூல ஓவியம் ஒன்று 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், அதன் முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கு அந்த விலையில் ஒரு பங்கு கேட்கும் உரிமை உண்டு. அது 10 சதவீதத்தைத் தாண்டாது. 53ஏ என்பது அந்தப் பிரிவு. பெரியவர்களுக்கே அதிகம் தெரியாது, நீங்கள் சொல்லிக்கொடுங்கள்!

வீட்டிலேயே தொடங்கலாம். தம்பி வரைந்தது, நீங்கள் ஒன்றாம் வகுப்பில் வரைந்தது, பக்கத்து வீட்டு அக்காவின் கோலநோட்டு, எல்லாமே மூலம்தான். பின்பக்கம் ஓரத்தில், பென்சிலால், அழுத்தாமல், வரைந்தவர் பெயரும் தேதியும் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில வருடங்களில் பழுப்பாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். முக்கியமாக லேமினேஷன் செய்யாதீர்கள்! பத்திரமாக இருக்கும் என்று நினைத்து நிறையப் பேர் செய்கிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. மடிக்காமல், தட்டையாக, அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். எங்கள் பக்கத்து மண்சுவர் வீடுகளில் கரையான் தொல்லை அதிகம். சுவரை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி, உயரத்தில் வைப்பது நல்லது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட வைத்து எடுங்கள். வெயிலில் அல்ல!

வெயில் என்ன செய்யும் என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் பென்சில், பால்பாயின்ட் பேனா, ஸ்கெட்ச் பேனா, இண்டியன் இங்க் நான்காலும் நீளமாகக் கோடு போடுங்கள். பாதித் தாளைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் வையுங்கள். பிறகு அட்டையை எடுத்துப் பாருங்கள். ஸ்கெட்ச் பேனாக் கோட்டுக்கு என்ன ஆயிற்று? பென்சிலும் இண்டியன் இங்க்கும் ஏன் அப்படியே இருக்கின்றன? இரண்டிலும் இருப்பது கார்பன். பென்சிலில் கிராஃபைட், மையில் புகைக்கரி. கார்பன் வெயிலுக்கு மங்காது. ஓவியர்கள் இண்டியன் இங்க்கை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது யோசித்தால், அந்தப் பையனின் கரி யானைகள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருந்திருக்கும்.

தேனி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. விடுமுறையில் கம்பம், குமுளி வழியாகக் கேரளா போவதாக இருந்தால், காயங்குளம் அருகே கிருஷ்ணபுரத்தில் உள்ள கார்ட்டூன் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். காயங்குளத்தில் பிறந்து, டில்லியில் 'சங்கர்ஸ் வீக்லி' நடத்திய கார்ட்டூனிஸ்ட் சங்கரின் நினைவாக 2014இல் திறக்கப்பட்டது. (அம்புலிமாமா சங்கர் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்!) புறப்படும் முன் எந்தெந்த நாளில் திறந்திருக்கும் என்று அப்பாவையோ அம்மாவையோ விசாரிக்கச் சொல்லுங்கள். உள்ளே போனதும் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று, வெள்ளை வண்ணத்தால் அழித்த இடம் ஏதாவது தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள்.